“அண்ணன் சும்மா சொன்னான்” என்றால் மகள் நம்புவாளா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறுநகரத்திலிருந்து 42 வயதுத் தாய் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடியதையெல்லாம் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கணவர் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லோரி ஓட்டுகிறார். இவருக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். மகன்கள் இருவர், 16 வயது, 13 வயது. இரண்டாவது பிரசவத்தில் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாகிவிட்டது. பெண்பிள்ளை ஆசை மட்டும் போகவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன் பக்கத்துத் தோட்டத்தில், திருமணமாகாத 19 வயதுப் பெண்ணுக்குப் பிறந்த குழந்தையைப் பதினோராம் நாள் வாங்கி வந்திருக்கிறார்கள். பெற்றவளின் மருத்துவச் செலவுக்கென்று 800 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தார்களாம். பிள்ளைக்கு மூன்று வயதானபோது தேசியப் பதிவிலாகாவில் தத்தெடுப்பைப் பதிந்து சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள். அந்தச் சான்றிதழ் இன்றுவரை இரும்பு அலமாரியில், பட்டுச்சேலைக்கு அடியில் இருக்கிறது.

குழந்தை வந்த அன்று மாமியார் சாமி மேடையில் கற்பூரம் ஏற்றி, அப்போது ஒன்பது வயதான மூத்தவனிடம் சத்தியம் வாங்கினார்: “தங்கச்சி அம்மாவுக்குப் பொறந்தவ. யாரு கேட்டாலும் அதான்.” ஏழு ஆண்டுகள் அவன் அதைக் காப்பாற்றினான். போன மாதம் கைப்பேசிக்காகத் தங்கையோடு சண்டை வந்தபோது, “நீ ஒண்ணும் எங்கம்மா வயித்துல பொறந்தவ இல்ல” என்று கத்திவிட்டான். அப்பா ஓங்கி ஓர் அறை விட்டார். அதிலிருந்து அவன் அப்பாவோடு பேசுவதில்லை; இரவு வெகுநேரம் சாலையோர ஒட்டுக்கடையில் போய் உட்கார்ந்துகொள்கிறான். மகள் மூன்று நாள் கேட்டிருக்கிறாள்: “அப்ப நான் யாரு வயித்துலம்மா பொறந்தேன்?” அம்மா சொன்ன பதில்: “அண்ணன் சும்மா சொன்னான்.”

இவருடைய கேள்விகள் நான்கு. உண்மையை இப்போது சொல்வதா, மாமியார் சொல்வதுபோல் கல்யாணத்தின்போது பார்த்துக்கொள்வதா? மூத்தவனைக் கிள்ளானில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குக் கொஞ்ச காலம் அனுப்பிவிடலாமா? பெற்றவள் இப்போது திருமணமாகிப் பக்கத்து ஊரில் இருக்கிறாள். திருவிழாவில் தூரத்தில் நின்று பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிள்ளையைத் திருப்பிக் கேட்டால் என்ன ஆகும்? கையில் இருக்கும் சான்றிதழே போதும்தானே?

இனி என் பதில்.

சகோதரி, “இப்போது அவள் அதைப் பற்றிக் கேட்பதில்லை, கடவுள் புண்ணியத்தில் மறந்துவிட்டாள்” என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு நேரம் பிடித்தது. மூன்று நாள் விடாமல் கேட்ட ஏழு வயதுப் பிள்ளை நான்காம் நாள் மறந்துவிடுவதில்லை. இதைக் கேட்டால் அம்மாவின் முகம் மாறுகிறது, இதைச் சொன்ன அண்ணனுக்கு அறை விழுகிறது என்று கண்டுகொண்டிருக்கிறாள். அதனால் வாயை மூடிக்கொண்டாள். கேள்வி அவளுக்குள்தான் இருக்கிறது. பதிலையும் இனி அவளே கற்பித்துக்கொள்வாள். குழந்தைகள் கற்பித்துக்கொள்ளும் பதில்கள் பெரும்பாலும் உண்மையைவிடக் கொடுமையானவை.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: இப்போதே சொல்லுங்கள். இந்த மாதத்தைத் தாண்ட விடாதீர்கள்.

ரகசியம் என்று நீங்கள் சொல்வதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த வருடம் உங்களுக்குக் கர்ப்ப வயிறு இல்லை. மாரியம்மன் கோயிலில் மொட்டை அடித்து, உங்கள் அண்ணன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தியபோது பழைய லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) ஆட்கள் அத்தனை பேரும் வந்து சாப்பிட்டுப் போனார்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிய அதே குடும்பங்கள்தான் இப்போது உங்கள் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், அடுத்தடுத்த வீட்டில் இருக்கின்றன. ஊருக்கெல்லாம் தெரியும், அவள் ஒருத்திக்குத்தான் தெரியாது. பள்ளி வேனில் யாராவது ஒரு பிள்ளை, வீட்டில் பெரியவர்கள் பேசியதைக் கேட்டுவிட்டு, என்றைக்காவது இவளிடம் சொல்லத்தான் போகிறது.

நான் பிறந்து வளர்ந்ததும் ஒரு ரப்பர் தோட்டத்தில்தான். எங்கள் லயத்தில் ஒரு பெரியம்மா இருந்தார். சீன முகம், சேலை, நெற்றி நிறைய விபூதி. ஆடி மாதக் கூழுக்கு அவர் கை பட்டால்தான் ருசி என்பார்கள். அந்தக் காலத்தில் வளர்க்க வழியில்லாத சீனக் குடும்பங்கள் கொடுத்த பெண்குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்தது இந்த நாட்டில் ஊருக்கு ஊர் நடந்த கதை. அவர்களிடம் யாரும் ரகசியம் காக்க முடியவில்லை, முகமே சொல்லிவிடுமே! அதற்காக அவர்கள் யாரும் அம்மாவை அம்மா இல்லை என்று நினைத்துவிடவில்லை. எங்கள் பெரியம்மா தன்னை வளர்த்த தாய்க்கு வருடா வருடம் படையல் போடத் தவறியதில்லை. உண்மை தெரிந்தால் பாசம் போய்விடும் என்று உங்கள் மாமியார் பயப்படுகிறார். அவர் வயதுக்கு இப்படிப்பட்ட பெரியம்மாக்களை அவரும் பார்த்திருப்பார். கேட்டுப் பாருங்கள்.

மூத்தவனைப் பற்றி

உங்கள் நான்கு கேள்விகளில் என்னை அதிகம் கவலைப்படவைத்தது இதுதான். அவனை நீங்கள் குற்றவாளியாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது வயதுப் பையனின் கையைக் கற்பூரத்துக்கு மேல் நீட்டச் சொல்லி, ஒரு பொய்யைச் சாமி பேரில் அவன் தலையில் ஏற்றிவிட்டீர்கள். அந்த வயதில் சத்தியத்தை மீறினால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்றுகூட ஒரு பிள்ளை நம்பும். பள்ளியில் நண்பர்கள் கேட்டபோதும், பக்கத்து வீட்டு அக்கா கிண்டிக் கிண்டிக் கேட்டபோதும் அவன் தனியாகத்தான் சமாளித்திருப்பான். உங்களிடம் அதைப் பற்றிப் பேச முடியாது, ஏனென்றால் பேசுவதே தடை. பெரியவர்களுக்கே தாங்காத சுமையை ஏழு வருடம் சுமந்திருக்கிறான்.

அவன் சொன்ன விதம் தவறு. தங்கையை நோகடிக்க வேண்டும் என்றுதான் அந்தச் சொல்லை எடுத்தான். அதற்கு அவன் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவன் சொன்னது பொய்யில்லை. அப்பாவின் அறை எதற்கு? தங்கையை அழவைத்ததற்கா, உண்மையைச் சொன்னதற்கா? அவனுக்கு இன்னும் தெரியாது. உங்கள் கணவர் அதை வாய்திறந்து சொல்ல வேண்டும். லோரியில் கூட்டிக்கொண்டு போகட்டும். ஆண்பிள்ளைகள் முகம் பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்தால்தான் பேசுவார்கள், இது என் அனுபவம். “உன்ன அடிச்சது தப்பு. அந்தச் சத்தியத்த உன்கிட்ட வாங்குனதும் எங்க தப்பு. தங்கச்சிய அழ வச்சது உன் தப்பு.” மூன்று வாக்கியம் போதும். உபதேசம் வேண்டாம்.

கிள்ளானுக்கு அனுப்புவது வேண்டவே வேண்டாம். அவளுக்காக என்னைத் துரத்திவிட்டார்கள் என்று அவன் நினைப்பான். அதைவிட, அவள் என்ன நினைப்பாள் என்று பாருங்கள். வயிற்றில் பிறந்த அண்ணனையே இந்த வீடு வெளியே அனுப்புகிறது என்றால், வயிற்றில் பிறக்காத தன்னை?

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைத் திரும்ப எடுத்துக் காட்டுகிறேன். உங்களுக்குச் சீக்கிரமே பஸ் என்பதால் காலையில் தங்கைக்குத் தலைவாரி இரட்டைப் பின்னல் போட்டுவிடுவது மூத்தவன்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். சண்டைக்குப் பிறகும் அது நிற்கவில்லை என்றும் அதே வரியில் இருக்கிறது. படிவம் நான்கு படிக்கும் பையன், கூட்டாளிகள் கேலி செய்வார்கள் என்று தெரிந்தும், பள்ளிக்குப் போகும் அவசரத்தில் ரிப்பன் கட்டிவிடுகிறான். இவனா தங்கையை வெறுக்கிறான்?

அவன் கோபத்துக்கு வேறொரு வேர் இருக்கிறது, அதற்கும் உங்கள் கடிதமே சாட்சி. தீபாவளிக்கு அவளுக்கு மூன்று உடை, பையன்களுக்கு ஆளுக்கொன்று. மைலோவைக் கொட்டினால் துடைப்பது இளையவன். “ஊர் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது” என்று அவளை நீங்கள் அதட்டியதே இல்லை. உங்கள் பயம் புரிகிறது. ஆனால் அதட்டே வாங்காத பிள்ளை அந்த வீட்டில் விருந்தாளி. பையன்களுக்கு எரிச்சல், அவளுக்கோ தான் ஏதோ வேறு மாதிரி என்ற சந்தேகம். அவள் தட்டை அவளே கழுவட்டும், கொட்டியதை அவளே துடைக்கட்டும், பொய் சொன்னால் திட்டும் வாங்கட்டும். (பாட்டி இதைச் சாக்காக வைத்து, “பொட்டப்புள்ளதானே” என்று வீட்டு வேலை முழுவதையும் அவள் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பையன்கள் தட்டுக் கழுவுவது தொடர வேண்டும்.)

அவளிடம் எப்படிச் சொல்வது

முதலில் நீங்களும் கணவரும் ஒரே வார்த்தைக்கு வாருங்கள். அடுத்து இரண்டு பையன்களிடமும், “தங்கச்சிகிட்ட சொல்லப் போறோம், இனிமே நீங்க எதையும் மறைக்க வேணாம்” என்று சொல்லிவிடுங்கள். இளையவனுக்கு அப்போது ஆறு வயதுதான், நினைவிருக்காது என்கிறீர்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

பிறகு, மறுநாள் வேலையில்லாத ஒரு மாலை நேரம். படுக்கப்போகும் நேரம் வேண்டாம். இருட்டில் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. இப்படித் தொடங்கலாம்: “அன்னிக்கு நீ கேட்டப்ப அம்மா சரியா பதில் சொல்லல. அண்ணன் சொன்னது நெசம். உன்ன இன்னொரு அம்மா வயித்துல சுமந்து பெத்தாங்க. அவங்களுக்கு அப்ப ரொம்பச் சின்ன வயசு, பிள்ளைய வளக்க முடியல. பதினோரு நாள் குட்டியா நீ நம்ம வீட்டுக்கு வந்த. அன்னிலேருந்து நாந்தான் உன் அம்மா. அது எப்பவும் மாறாது.”

அவ்வளவுதான். பெற்றவளைப் பற்றி ஒரு குறைச்சொல்லும் வேண்டாம். “வேண்டான்னு கொடுத்துட்டாங்க” என்பது எந்தக் காலத்திலும் வாயில் வரக் கூடாது. “சாமி குடுத்துச்சு” என்று மட்டும் சொல்லி நிறுத்துவதும் சரியில்லை, அது அவள் கேட்ட கேள்விக்குப் பதிலாகாது. “அத்தனை பிள்ளைங்கள்ல உன்னத்தான் தேர்ந்தெடுத்தோம்” என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. கடையில் தேர்ந்தெடுத்த பொருளைத் திருப்பியும் கொடுக்கலாம் அல்லவா? 800 வெள்ளிப் பேச்சு இந்த வயதில் அவளுக்குத் தேவையில்லை.

அழலாம். ஒன்றுமே நடக்காததுபோல் விளையாடப் போகலாம். இரண்டு வாரம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “அந்த அம்மா பேரு என்ன?” என்று கேட்கலாம். ஏழெட்டு வயதில்தான் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுக்கு வந்தோம் என்றால் இன்னொரு வீட்டை விட்டு வந்தோம் என்பது உறைக்கத் தொடங்கும். பத்து வயதில் அதே கேள்வி வேறு மாதிரி வரும், பதினைந்தில் கோபத்தோடு வரும். ஒவ்வொரு தடவையும் முகம் மாறாமல் பதில் சொல்லுங்கள். வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். வகுப்பில் குடும்ப மரம் வரையச் சொல்லும் நாளில் அவருக்கும் அது உதவும்.

அலமாரியில் இருக்கும் காகிதம்

இங்கே நீங்கள் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள், அதில் வியப்பில்லை. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்குத் தத்தெடுக்க இரண்டு வழிகள். இரண்டு சட்டங்களும் 1952ஆம் ஆண்டைச் சேர்ந்தவை, பெயரும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். நீங்கள் போனது தத்தெடுப்புப் பதிவுச் சட்டத்தின் வழி, அதாவது சட்டம் 253. பிள்ளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து உங்கள் வளர்ப்பில் இருந்ததைக் காட்டிப் பதிவிலாகாவில் பதிவது. இன்னொன்று தத்தெடுப்புச் சட்டம், சட்டம் 257. அதற்கு நீதிமன்ற ஆணை வேண்டும்.

நடைமுறையில் பெரிய வேறுபாடு சொத்தில்தான். உயில் எழுதாமல் இறப்பவரின் சொத்தைப் பிரிக்கும் 1958ஆம் ஆண்டுப் பகிர்ந்தளிப்புச் சட்டம், நீதிமன்ற ஆணையோடு தத்தெடுத்த பிள்ளையை மட்டுமே பிள்ளையாக எண்ணும். உங்கள் வீட்டுக் கணக்கையே போடுகிறேன். கணவருக்கு நாளை ஏதாவது ஆகிவிட்டால், அவர் தாயார் உயிரோடு இருப்பதால், மாமியாருக்குக் கால் பங்கு, உங்களுக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி. அந்தப் பாதி இரண்டு பையன்களுக்கு மட்டும்தான். மகளுக்கு ஒரு காசு கிடையாது. நீதிமன்ற ஆணை இருந்தால் அதே பாதி மூவருக்கும் சமமாகப் பிரியும். மகன், மகள் என்ற வேறுபாடு இந்தச் சட்டத்தில் இல்லை.

ஏற்கெனவே பதிந்தவர்களும் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். 21 வயதுக்குள், திருமணமாகாதிருந்தால் மனுச் செய்யலாம். ஆனால் தள்ளிப்போடாதீர்கள்: பெற்றவளின் சம்மதம் வேண்டும், அவள் இப்போது எட்டும் தூரத்தில் இருக்கிறாள். சமூகநல இலாகா அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை கொடுப்பார். வயதுக்கும் விவரத்துக்கும் ஏற்பப் பிள்ளையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளும். அதிகாரி ஒருவர் வந்து பேசித்தான் அவளுக்கு விஷயம் தெரியவேண்டுமா? அதற்காகவும் முதலில் நீங்கள் சொல்லிவிட வேண்டும்.

அந்த 800 வெள்ளியை வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள். தத்தெடுப்புக்காகப் பணம் கைமாறியதா என்று நீதிமன்றம் பார்க்கும். மருத்துவச் செலவுக்குக் கொடுத்தது என்றால் இரசீது ஏதாவது இருக்கிறதா என்று தேடி வையுங்கள். வழக்கறிஞர் கட்டணம் கட்டுப்படியாகாது என்றால், சட்ட உதவித் துறையின் கிளையில் உங்கள் வருமானத்துக்கு உதவி கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். நீங்களும் கணவரும் ஆளுக்கொரு உயில் எழுதி அதில் மூன்று பிள்ளைகளின் பெயரையும் போடுங்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்துப் பெறும் யாரும் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது, போட்டால் அவர் பங்கு செல்லாமல் போகும். ஊழியர் சேமநிதிப் பணம் தனி: அங்கே வாரிசு நியமனத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் போகும். கணவர் கடைசியாக எப்போது அதைப் பார்த்தார்? இளையவன் பிறப்பதற்கு முன் என்றால் அவன் பெயரும் அதில் இருக்காது.

திருவிழாவில் நின்றவள்

பிள்ளையைப் பார்த்தாள் என்பதற்கும் கேட்டு வருவாள் என்பதற்கும் நிறைய தூரம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இப்போது 26 வயது. புதுக் குடும்பத்தில் இதெல்லாம் தெரியுமோ தெரியாதோ. தான் பெற்ற பிள்ளை தாவணி மாதிரி துண்டைச் சுற்றிக்கொண்டு அண்ணன்களோடு கரும்பு கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றிருக்கிறாள், அவ்வளவுதான் உங்கள் கடிதத்தில் இருப்பது. அப்படியே கேட்டு வந்தாலும் பிள்ளை கையை விட்டுப் போய்விடாது. ஏழு வருடம் யார் வளர்த்தார்கள், எங்கே இருந்தால் பிள்ளைக்கு நல்லது என்பதைத்தான் நீதிமன்றம் முதலில் பார்க்கும். சட்டம் 257-இன் ஆணை வந்துவிட்டால் பெற்றவளின் உரிமை அதோடு முடிந்துவிடும். அதனால்தான் அந்த ஆணையை வாங்கச் சொல்கிறேன்.

சம்மதம் கேட்கப் போகும்போது நேரே அவள் வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். அவள் கணவருக்கு விஷயம் தெரியாவிட்டால் இன்னொரு குடும்பம் உடையும். குழந்தையை வாங்கியபோது இடையில் நின்ற உறவுக்காரப் பெண்மணி வழியாகவோ, வழக்கறிஞர் வழியாகவோ அவளிடம் மட்டும் பேசச் சொல்லுங்கள். உங்களுக்குக் கோபமிருக்கலாம், பயமிருக்கலாம், ஆனால் உங்கள் மகள் ஒருநாள், “அவங்கள நீங்க எப்படி நடத்துனீங்க?” என்று கேட்பாள்.

கடைசியாக அந்தச் சத்தியம். கற்பூரத்தில் வாங்கியதை வெறும் வாய்ப்பேச்சில் எடுக்க முடியாது என்று மாமியார் சொல்வார், நீங்களும் அதை நம்புகிறீர்கள் என்று கடிதத்தில் தெரிகிறது. சரி, அவர் வழியிலேயே போவோம். வாங்கியவரே திருப்பித் தரட்டும். ஒரு வெள்ளிக்கிழமை அதே சாமி மேடையில் பாட்டி கற்பூரம் ஏற்றி, பேரனைப் பக்கத்தில் கூப்பிட்டு, “அத நான் எடுத்துக்கிட்டேன்யா, நீ விட்டுடு” என்று சொல்லி அவன் நெற்றியில் விபூதி பூசட்டும். பாட்டி முடியாது என்றால் நீங்களே செய்யுங்கள், தாய்க்கு அந்த உரிமை உண்டு. மகளிடம் பேசுவதற்கு முன் இது நடந்துவிட வேண்டும்.

மறுபடி எழுதும்போது ஒன்றைச் சொல்லுங்கள்: இரட்டைப் பின்னல் போட அவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார்?